எந்த ஊர் என்று கேட்டால்

கொஞ்சம் நீளமான பதிவு. நேரம் இருக்கும்போது வாசியுங்கள்.

கமலாதேவி சட்டோபாத்யாய் என்ற பெயர் எங்கள் பிள்ளைகளில் அநேகருக்குத் தெரியாது. 1903 இல் மங்களூரில் பிறந்தவர். சின்ன வயதிலேயே விதவையானவர். பெண்கள் சட்டசபைக்குப் போட்டியிடலாம் என்று கதவு திறந்த உடனேயே, 1926 இல் மதராஸில் தேர்தலில் நின்று, மிகச் சொற்ப வாக்குகளால் தோற்றார். பெண்களின் வாக்குரிமைக்காகப் பேசியவர்களில் முன்வரிசைக்காரர்.

அவர் 1941 இல் அமெரிக்காவின் தென்பகுதியில், லூசியானாவில், ரயிலில் போய்க்கொண்டிருந்தார். கறுப்பர்களுக்கு வேறு பெட்டி என்று சட்டம் இருந்த காலம். டிக்கெட் பரிசோதகர் வந்து அந்தப் பெட்டிக்குப் போகச் சொன்னார். இவர் எழும்பவில்லை. போனவர் திரும்பி வந்து, எந்த நாட்டிலிருந்து வருகிறீர்கள் என்று கேட்டார். நியூயோர்க் என்றார் கமலாதேவி. அதில்லை, பூர்வீகம் எது? அது எதுவாக இருந்தால் என்ன, நானும் நிறமுள்ள பெண்தான், இங்கிருந்து எழும்புவதாக இல்லை என்றார். பரிசோதகர் இவர் இந்தியர் என்று முணுமுணுத்துவிட்டு விட்டுவிட்டார்.

அந்தக் கேள்வி உண்மையில் தப்புவதற்கு ஒரு வழி. ‘இந்தியா’ என்று ஒரு சொல் சொல்லியிருந்தால் வெளிநாட்டு விருந்தாளி என்ற மரியாதையோடு அதே ஆசனத்தில் இருந்திருக்கலாம். பக்கத்துப் பெட்டியில் கறுப்பினப் பெண்கள் நெருக்கியடித்துக்கொண்டு இருந்திருப்பார்கள். தனக்கு மட்டும் கிடைக்கும் அந்தச் சலுகையை அவர் வாங்க மறுத்தார். ரோசா பார்க்ஸ் பஸ்ஸில் எழும்ப மறுத்தது 1955 இல், பதினான்கு வருடம் கழித்து.

இதே பெண் எங்கள் நாட்டுக்கும் வந்திருக்கிறார். 1937 ஏப்ரல் 3 ஆம் திகதி நாவலப்பிட்டியில் தோட்டத் தொழிலாளர் கூட்டத்தில் பேசினார். பிரேஸ்கேர்டில் என்ற வெள்ளைக்கார இளைஞர் தோட்டத் துரைமாருக்கு எதிராகப் பேசியதும் அதே மேடையில்தான். துரைமாருக்குப் பொறுக்கவில்லை. 48 மணித்தியாலத்துக்குள் நாட்டைவிட்டு வெளியேறு என்று ஆளுநர் ஸ்டப்ஸ் அவருக்குக் கட்டளையிட்டார். உயர் நீதிமன்றம் அதைச் செல்லாது என்றது. எங்கள் வரலாற்றில் பிரேஸ்கேர்டிலின் பெயர் நிலைத்தது. அந்த மேடையில் பேசிய பெண்ணின் பெயர் நழுவிவிட்டது. வழக்கமான கதைதான்.

கூட்டத்தில் இருந்த தோட்டத்துப் பெண்களை நினைத்துப் பாருங்கள். 1931 இல் இலங்கையில் 21 வயதான ஆணுக்கும் பெண்ணுக்கும் வாக்கு வந்தபோது, இவர்களிடம் மட்டும் நீ எந்த ஊர், எத்தனை வருடமாக இருக்கிறாய், அத்தாட்சி எங்கே என்று கேட்கப்பட்டது. 1948 இல் பிரஜாவுரிமையும் போனது, பிறகு வாக்கும் போனது. மிச்சம் இருந்தவர்களுக்கும் பிரஜாவுரிமை கொடுக்கும் சட்டம் வர 2003 ஆனது. அவர்களின் பாட்டன் பூட்டன் கப்பல் இறங்கியது எங்கே? தலைமன்னாரில், பக்கத்து அரிப்பில். இந்தக் கரையிலிருந்து காட்டு வழியே மாத்தளைக்கு நடந்தார்கள். வழியில் விழுந்தவர்களுக்குக் கணக்கில்லை.

நாங்கள் 1990 ஒக்டோபரில் விரட்டப்பட்டவர்கள். புத்தளத்தில் எங்களை அகதி என்றார்கள். திரும்பி வந்தால் ‘புத்தளத்தாக்கள்’ என்கிறார்கள். 2019 நவம்பர் 16 ஆம் திகதி, வாக்களிக்கப் புத்தளத்திலிருந்து மன்னாருக்கு வந்த எங்கட ஆக்களின் பஸ்களுக்குத் தந்திரிமலையில் சுட்டார்கள், கல்லெறிந்தார்கள். உயிர்ச்சேதம் இல்லை, அல்ஹம்துலில்லாஹ். ஒரு வாக்குக்காக எவ்வளவு தூரம் வரவேண்டியிருக்கிறது என்பது எங்களைவிட யாருக்குத் தெரியும்?

தெரிந்தும், ‘தோட்டக்காட்டான்’ என்ற சொல் எங்கள் வாயில் இன்னும் கிடக்கிறது. முருங்கன் பக்கமும் வவுனியாவிலும் குடியேறிய மலையகக் குடும்பங்களைப் பற்றிப் பேசும்போது படித்தவர்களே சொல்கிறார்கள். ஆசிரியர் ஓய்வறையிலும் கேட்டிருக்கிறோம். ‘அவங்க வேற, நாங்க பூர்வீகக் குடி’ என்கிறோம். கமலாதேவி வேண்டாம் என்று தள்ளியது இந்த வாசகத்தைத்தான். பூர்வீகத்தைக் காட்டி எங்கள் காணியைக் கேட்கலாம், கேட்கவும் வேண்டும். அதே பூர்வீகத்தைக் காட்டி இன்னொருவனைக் கீழே இறக்கினால், எங்களை விரட்டியவன் பேசிய பேச்சுக்கும் எங்கள் பேச்சுக்கும் என்ன வித்தியாசம்?

இன்னொன்றும் இருக்கிறது, சகோதரர்கள் கோபிக்க வேண்டாம். மீள்குடியேற்றம், காணி, வீட்டுத்திட்டம் என்று எந்தக் கூட்டம் வந்தாலும் முன்வரிசையில் ஆண்கள்தான். குடும்பத் தலைவர் என்ற கட்டத்தில் ஆணின் பெயர். புத்தளத்து ஓலைக் குடிசைகளில் பிள்ளைகளை வளர்த்தெடுத்த உம்மாமார் வெளியே நிற்கிறார்கள். வாக்காளர் இடாப்புப் படிவம் வரும்போது, பதினெட்டு முடிந்த மகளின் பெயரை ‘கல்யாணம் முடிந்தால் எப்படியும் வேற ஊர்தானே’ என்று எழுதாமல் விடும் வாப்பாமாரையும் பார்க்கிறோம். அந்தப் பிள்ளையிடமும் நாங்கள் கேட்பது அதே கேள்விதான். நீ எந்த ஊர்?

ஆசிரிய நண்பர்களே, வகுப்பில் ஒரு பிள்ளை ‘தோட்டக்காட்டான்’ என்று சொன்னால் அடிக்கவேண்டாம், ஏசவும் வேண்டாம். லூசியானா ரயில் கதையைச் சொல்லி, பரிசோதகர் கேள்வி கேட்ட இடத்தில் நிறுத்துங்கள். நீயாக இருந்தால் என்ன பதில் சொல்லியிருப்பாய் என்று கேளுங்கள். பிள்ளைகள் என்ன சொன்னார்கள் என்று கீழே எழுதுங்கள், நாங்களும் வாசிக்க ஆசைப்படுகிறோம்.