புறப்படும் தேதி

கணியம்பாடியிலிருந்து உத்தியோகம் தேடி வளைகுடா நாடுகளுக்குப் பிரயாணப்படும் வாலிபர்களுக்கு, விசாவைப் பற்றியும் விமானக் கட்டணத்தைப் பற்றியும் யோசனை சொல்லப் பலர் இருந்தும், புறப்படும் தேதியே வருமான வரியை நிர்ணயித்துவிடக்கூடும் என்னும் விஷயத்தை எடுத்துரைப்பார் அரிதாயிருப்பது மிகுந்த வருத்தத்துக்குரியது. 1961-ஆம் வருஷத்துச் சட்டம் வகுத்து, 2025-ஆம் வருஷத்துப் புதிய சட்டமும் தொடர்கிற முறைப்படி, ஏப்ரல் தொடங்கி மார்ச் முடிய உள்ள வருஷத்தில் ஒருவர் இந்திய மண்ணில் எத்தனை நாள் தங்கினார் என்பதே பிரதானம். வேலைக்காக வெளிநாடு செல்லும் இந்தியப் பிரஜைக்கு இந்தியவாசியாகக் கருதப்படுவதற்கான எல்லை 182 நாள். செப்டம்பர் 28-ஆம் தேதி விமானம் ஏறுகிறவர், அந்த நாளையும் சேர்த்து 181 நாளே இங்கிருந்தவராகி, அயல்நாட்டில் உழைத்து அங்கேயே பெறும் சம்பளத்துக்கு இங்கே வரி கட்ட வேண்டாதவராகிறார். மறுநாள் ஏறுகிறவரோ அவ்வருஷம் முழுவதற்கும் இந்தியவாசியாகவே கருதப்பட்டு, மார்ச் வரை பாலைவன வெயிலில் சம்பாதித்ததையும் இந்நாட்டு வருமானத்தோடு சேர்த்துக் காட்டக் கடமைப்பட்டவராகிறார். ஆயுத பூஜையை வீட்டாரோடு கழித்துவிட்டுப் போகட்டும் என்று ஒரு தாய் ஆசைப்படுவது எவ்வளவு இயல்பு! ஆனால் அந்த ஆசையே மகனை அந்த எல்லைக்கு அப்பால் தள்ளிவிடக்கூடும். எல்லை என்று ஒன்றை வகுத்தால் அது ஏதேனும் ஒரு நாளில் விழத்தான் வேண்டும். அதில் எனக்கு ஆட்சேபமில்லை. அதை அறிவிக்காமலே ஏழைத் தொழிலாளியை அனுப்பிவைப்பதுதான் அநியாயம். ஆகவே, புறப்படுமுன் அரசாங்கம் நடத்தும் பயிற்சி வகுப்பிலேயே இதனைத் தெளிந்த தமிழில் விளக்கி, பாஸ்போர்ட்டில் பதியும் குடியேற்ற முத்திரைகளின் நகலைப் பத்திரப்படுத்தச் சொல்லி, ஊரிலுள்ள சேமிப்புக் கணக்கை வெளிநாடுவாழ் இந்தியருக்கான என்.ஆர்.ஓ. கணக்காக மாற்றும் விதத்தையும் கற்பிக்க வேண்டும்.