அப்பாவின் பனியனும் என் மெஷினும்

கேமரன் மலையில் எல்லாக் காரும் புதுசு போலத்தான் தெரியும். அதற்குக் காரணம் பனிமூட்டம். வெயில் நேராக அடிக்காத இடத்தில் பெயிண்டில் விழுந்த மெல்லிய கீறல்கள் கண்ணில் படுவதில்லை. லெம்பா பெர்த்தாமில் காலையில் கழுவித் துடைத்த காரை ஓட்டிக்கொண்டு, தாப்பா சாலையில் வளைந்து வளைந்து கீழே இறங்கி, நல்ல வெயிலில் நிறுத்திப் பாருங்கள். பானெட் முழுவதும் சிலந்தி வலை கட்டியது போல் இருக்கும்.

2022-இல் எனக்கு அப்படித்தான் தெரிய வந்தது. தங்கைக்கு ஈப்போவில் திருமணம். மணப்பெண்ணை அழைத்துப் போக ஒரு பெரிய காரை வாடகைக்கு எடுக்கலாம் என்றேன். அப்பா ஒத்துக்கொள்ளவில்லை. "நம்ம வண்டியிலதான் பிள்ள போகணும்" என்று சொல்லிவிட்டார்.

நம்ம வண்டி என்பது 2009-இல் வாங்கிய கருப்பு நிற ப்ரோட்டான் சாகா. தேயிலைத் தோட்டத்தில் லோரி ஓட்டிச் சேர்த்த காசில் அவர் வாங்கிய முதல் புதுக் கார். ஞாயிற்றுக்கிழமை பசியாறியதும் ஒரு வாளித் தண்ணீர், பாத்திரம் கழுவும் சோப்பு, பழைய பனியன் ஆகியவற்றோடு வெளியே போவார். 13 ஆண்டுகளில் 600 ஞாயிறுகளுக்கு மேல் அந்தக் காரைக் கழுவியிருப்பார்.

மண்டபம் பார்க்க ஈப்போவுக்குப் போன அன்று, மதிய வெயிலில் அந்த வலை தெரிந்தது. "என்னப்பா, இவ்வளவு கீறல்?" என்றேன். அவர் கையால் தடவிப் பார்த்து, "வழவழன்னுதானே இருக்கு" என்றார். அவர் சொன்னது சரிதான். அந்தக் கீறல்கள் விரலுக்குத் தெரியாது, வெளிச்சத்துக்குத்தான் தெரியும்.

பட்டறைக்காரர்கள் இதை 'ஸ்வர்ல் மார்க்' என்பார்கள். வட்டமாகத் தெரிவதால், வட்டமாகத் துடைத்ததுதான் காரணம் என்று பலரும் நினைக்கிறோம். உண்மையில் கீறல்கள் எல்லாத் திசையிலும்தான் கிடக்கின்றன. சூரியனோ விளக்கோ பெயிண்டில் விழும் இடத்தைச் சுற்றி, அந்த வெளிச்சத்துக்குக் குறுக்கே கிடக்கும் கீறல்கள் மட்டும் நம் கண்ணை நோக்கி மின்னும். அதனால்தான் வட்டம் போலத் தெரிகிறது. நீங்கள் நகர்ந்தால் வட்டமும் கூடவே நகரும்.

இந்தக் கீறலைப் போடுவது துணியில் மாட்டிக்கொள்ளும் மண். எங்கள் பக்கத்து மண்ணுக்கு அந்த வேலை நன்றாகவே தெரியும். தித்திவங்சா மலைத்தொடர் பெரும்பாலும் கருங்கல். கருங்கல் காலப்போக்கில் உதிரும்போது ஒரு பங்கு களிமண்ணாகிறது. அதிலுள்ள குவார்ட்ஸ் மட்டும் கரையாமல் மணலாக நிற்கிறது. குவார்ட்ஸ் கண்ணாடியையே கீறும். மழை பெய்தால் காய்கறித் தோட்டங்களிலிருந்து இந்த மண் சாலைக்கு வருகிறது. முன்னால் போகும் லோரியும் லேண்ட் ரோவரும் அதை நம் கார் மேல் தெளிக்கின்றன. அப்பா அதை ஒரே வாளித் தண்ணீரில் பனியனை நனைத்து நனைத்துத் தேய்த்தார். பனியன் மேல் தப்பில்லை. அதற்குள் இருந்த மணல்தான் உப்புத்தாள் வேலையைப் பார்த்தது.

இதையெல்லாம் நான் பிறகுதான் கற்றுக்கொண்டேன். அன்றைக்கு எனக்குத் தெரிந்தது ஒன்றுதான்: பாலிஷ் மெஷின் போட்டால் கீறல் போய்விடும். திருமணத்துக்கு முதல் நாள், ரிங்லெட்டில் இருந்த நண்பனிடம் ஒரு மெஷினை இரவல் வாங்கினேன். ஒரே அச்சில் வேகமாகச் சுழலும் ரோட்டரி மெஷின் அது. அதில் கம்பளி பேடை மாட்டி, கொரகொரப்பான காம்பவுண்டைத் தடவி, பானெட்டில் வைத்து அழுத்தினேன். முதல் ஐந்து நிமிடம் மாயாஜாலம் போல இருந்தது. கருப்பு, கண்ணாடியாக மின்னியது. அப்பா பக்கத்தில் நின்று பார்த்துக்கொண்டிருந்தார்.

பானெட்டின் ஓர மடிப்புக்கு வந்தபோது, வெள்ளையாக இருந்த பேடில் கருப்புச் சாயம் ஏறியது. அழுக்குதான் கழன்று வருகிறது என்று நினைத்து இன்னும் கொஞ்சம் அழுத்தினேன். மெஷினை எடுத்துப் பார்த்தால், 20 சென் காசு அளவில் சாம்பல் நிற அடிப்பூச்சு தெரிந்தது. மேல் பூச்சும் போய், நிறமும் போய்விட்டது. அரை நிமிடம்கூட ஆகியிருக்காது.

அப்பா எதுவும் சொல்லவில்லை. மறுநாள் காலை, அலங்காரத்துக்கு வாங்கி வைத்திருந்த கேமரன் செவ்வந்திச் சரத்தை அந்த மடிப்பின் மேலே வருகிறாற்போல் அவரே கட்டினார். தங்கை அந்தக் காரில்தான் போனாள். திருமணப் படங்களில் எந்தக் குறையும் தெரியாது.

நடந்த கணக்கைப் பாருங்கள். கார் பெயிண்ட் ஒன்றன் மேல் ஒன்றாகப் பூசப்பட்டது: அடியில் அடிப்பூச்சு, அதன் மேல் நிறம், எல்லாவற்றுக்கும் மேலே கிளியர் கோட் எனப்படும் நிறமற்ற பூச்சு. எல்லாம் சேர்ந்தே பொதுவாக 100 முதல் 150 மைக்ரான்தான் இருக்கும். அதில் கிளியர் கோட் ஏறக்குறைய 40, 50 மைக்ரான். நாம் அச்செடுக்கும் ஏ4 தாளின் தடிமன் சுமார் 100 மைக்ரான்; கிளியர் கோட் அதில் பாதிதான். ஓரங்களிலும் மடிப்புகளிலும் அது இன்னும் மெலிந்திருக்கும். அப்பாவின் பனியன் 13 ஆண்டுகளில் போட்ட கீறல்களின் ஆழம் ஓரிரண்டு மைக்ரான் இருக்கலாம். நான் அரை நிமிடத்தில் கிளியர் கோட்டையும் தாண்டி, நிறத்தையும் தாண்டிவிட்டேன்.

பாலிஷ் என்பது கீறலை நிரப்புவதல்ல. கீறலின் அடிமட்டம் வரும்வரை சுற்றியுள்ள பூச்சைச் சீவி எடுப்பது. வங்கியில் உள்ள சேமிப்பிலிருந்து எடுத்துச் செலவு செய்வது போல. அந்தக் கணக்கில் யாரும் மறுபடி பணம் போட மாட்டார்கள். வெயிலிலிருந்து பெயிண்டைக் காப்பதும் அதே கிளியர் கோட்தான். அளவுக்கு மேல் சீவினால் சில ஆண்டுகளில் வெளுத்து, தோல் உரிவது போல உரியத் தொடங்கும்.

திருமணம் முடிந்த பிறகு முறையாகக் கற்றுக்கொண்டேன். பழைய இரும்புக் கடையில் ஒரு கழற்றிய பானெட்டை வாங்கி வந்து, அதில் பழகினேன். புதிதாகச் செய்பவர்களுக்கு ஏற்றது 'டூயல் ஆக்‌ஷன்' மெஷின். அதன் தட்டு சுழலவும் செய்யும், அப்படியும் இப்படியும் ஆடவும் செய்யும். ஒரே இடத்தில் அழுத்தினால் பெரும்பாலும் சுழற்சி நின்றுவிடும். அதனால் சூடு குறைவு, ஆபத்தும் குறைவு. தட்டின் ஓரத்தில் மார்க்கரால் ஒரு கோடு போட்டு வையுங்கள். கோடு சுற்றுவது தெரிந்தால் தட்டு சுழல்கிறது. கோடு நின்றால் நீங்கள் அதிகமாக அழுத்துகிறீர்கள்.

முதலில் காரை நன்றாகக் கழுவிக் காயவிட வேண்டும். பிறகு பெயிண்டுக்கென்று விற்கும் களிமண் கட்டியை, அதற்குரிய வழுக்கும் திரவத்தைத் தெளித்து மெதுவாக ஓட்ட வேண்டும். கழுவினாலும் போகாமல் ஒட்டியிருக்கும் துகள்களை அது இழுத்துக்கொள்ளும். இதைச் செய்யாமல் மெஷினை வைத்தால், பேடுக்கு அடியில் அந்தத் துகளே புதிய கீறலைப் போடும். ரப்பர், பிளாஸ்டிக், ஓரம், மடிப்பு எல்லாவற்றிலும் பெயிண்டர்கள் ஒட்டும் காகித டேப்பை ஒட்டிவிடுங்கள். நான் செய்யத் தவறியதில் பெரிய தவறு இதுதான்.

அடுத்தது சோதனை. இரண்டு சாண் அகலச் சதுரம் ஒன்றை எடுத்துக்கொள்ளுங்கள். மென்மையான ஸ்பாஞ்ச் பேட், நைசான பாலிஷ், இவற்றில்தான் தொடங்க வேண்டும். அதில் கீறல் போய்விட்டால் கடினமான காம்பவுண்டைத் தொடவே வேண்டாம். போகாவிட்டால் ஒரு படி மட்டும் ஏறுங்கள். 'எதிலிருந்து தொடங்குவது' என்று கேட்கிற எல்லோருக்கும் நான் சொல்லும் பதில் ஒன்றுதான்: இருப்பதிலேயே சாதுவானதிலிருந்து.

பேடில் பட்டாணி அளவில் மூன்று நான்கு சொட்டு போதும். மெஷினை ஓட விடுவதற்கு முன்பே பெயிண்டில் ஒற்றிப் பரப்பிவிடுங்கள். இல்லையென்றால் சுவரெல்லாம் தெறிக்கும். குறைந்த வேகத்தில் ஒரு முறை பரப்பிவிட்டு, பிறகு நடுத்தர வேகத்துக்கு ஏற்றி, மேலும் கீழுமாக ஒரு முறை, இடமும் வலமுமாக ஒரு முறை என்று நான்கைந்து தடவை ஓட்டுங்கள். கை மெதுவாக நகர வேண்டும். நொடிக்கு இரண்டு மூன்று சென்டிமீட்டர் போதும். மெஷினின் எடைக்கு மேல் சிறிது அழுத்தம் இருந்தால் சரி. புறங்கையை வைத்துப் பாருங்கள். பெயிண்ட் லேசான வெதுவெதுப்பில் இருக்கலாம், சுடக்கூடாது. ஒவ்வொரு சதுரமும் முடிந்ததும் பேடை பிரஷ்ஷால் சுத்தம் செய்ய வேண்டும். மலையின் குளிர் இந்த வேலைக்கு நல்லது. பாலிஷ் சீக்கிரம் காய்ந்துவிடாது. வெயிலில் நிறுத்திய காரில் மட்டும் இதைச் செய்யாதீர்கள்.

பேடில் காரின் நிறம் ஏறினால் உடனே நிறுத்துங்கள். கிளியர் கோட் உள்ள காரில் அது வரக்கூடாது. வந்தால் மேல் பூச்சு முடிந்துவிட்டது என்று பொருள். ஆனால் எங்கள் மலையில் இன்னும் ஓடும் பழைய லேண்ட் ரோவர் போன்ற வண்டிகள் பலவற்றில் கிளியர் கோட்டே கிடையாது, நிறம்தான் மேல் பூச்சு. அவற்றில் பேடுக்கு நிறம் ஏறுவது இயல்பு. உங்கள் வண்டி எந்த வகை என்று தெரிந்துகொண்டுதான் மெஷினைத் தொட வேண்டும்.

முடித்ததும் பாலிஷ் எண்ணெயைத் துடைத்துவிட்டு, டார்ச் லைட் அடித்துப் பாருங்கள். கடையில் கொடுத்துச் செய்தாலும் இதைக் கேட்டுச் செய்யுங்கள். எண்ணெயும் மெழுகும் கீறலுக்குள் புகுந்து அதைத் தற்காலிகமாக மறைத்துவிடும். நாலு மழையில் வலை திரும்பி வந்துவிடும். தண்ணீர் கலந்த ஐசோபுரோப்பைல் ஆல்கஹாலை மைக்ரோஃபைபர் துணியில் நனைத்து ஓர் இடத்தைத் துடைத்தால், கீறல் உண்மையிலேயே போனதா, ஒளிந்திருக்கிறதா என்று தெரிந்துவிடும். பெயிண்டின் தடிமனை அளக்கும் கருவி கடையில் இருக்கிறதா என்றும் கேளுங்கள். பழைய காரை அளந்து பார்க்காமலே மெஷின் போடுகிறவரிடம் காரை விடாதீர்கள்.

எல்லாக் கீறலையும் எடுக்க முடியாது, எடுக்கவும் கூடாது. நகத்தை வைத்து இழுத்தால் மாட்டுகிறதா? அப்படியானால் அது பாலிஷுக்கு அடங்காத ஆழம். சாகாவின் பின்கதவில் காய்கறிக் கூடை உரசிய கோடு ஒன்று அப்படித்தான் இருக்கிறது. அதை நான் தொடவில்லை.

இரண்டு நாள் வேலையில் மற்ற எல்லா இடமும் கருகருவென்று வந்துவிட்டது. ஆனால் பாதி வேலைதான் முடிந்திருந்தது. அடுத்த ஞாயிறு அதே வாளி, அதே பனியன் என்றால் வலையும் திரும்பி வரும். ஒவ்வொரு முறையும் சேமிப்பிலிருந்து எடுக்க வேண்டியிருக்கும். 600 ஞாயிறு ஆசையாகக் கழுவிய மனிதரிடம், கீறியது நீங்கள்தான் என்று எப்படிச் சொல்வது? அதுவும் பானெட்டில் ஓட்டை போட்ட நான்?

அதனால் எதுவும் சொல்லாமல், இரண்டு வாளி வாங்கிக் கொடுத்தேன். முதலில் தேய்க்காமல் தண்ணீரைப் பீய்ச்சி, தளர்கிற சேறெல்லாம் விழவிட வேண்டும். ஒரு வாளியில் கார் ஷாம்பு, மற்றதில் வெறும் தண்ணீர். மைக்ரோஃபைபர் கையுறையை ஷாம்பில் நனைத்து, கூரையிலிருந்து கீழ்நோக்கிக் கழுவ வேண்டும். ஒரு பகுதி முடிந்ததும் கையுறையை வெறும் தண்ணீரில் அலசிவிட்டுத்தான் மறுபடி ஷாம்பில் விட வேண்டும். மண் அதிகம் ஒட்டும் அடிப்பகுதி கடைசியில். சக்கரத்துக்கு வேறு துணி. துணி தரையில் விழுந்தால், அதை மறுபடி பெயிண்டில் வைக்கவே கூடாது. காய வைக்கும்போதும் தேய்க்காமல், தடிமனான துண்டை மேலே விரித்து ஒற்றி எடுத்தால் போதும்.

'ஸ்னோ வாஷ்' கடைக்குப் போகிறவர்களும் நுரையைப் பார்த்து மயங்க வேண்டாம். நுரை மண்ணைத் தளர்த்தும், நல்லதுதான். அதற்குப் பிறகு எந்தத் துணியால் துடைக்கிறார்கள், அது உங்கள் காருக்கு முன் எத்தனை காரைத் துடைத்தது என்று பாருங்கள்.

முதல் முறை இரண்டு வாளியில் கழுவி முடித்ததும், அப்பா அலசும் வாளியின் தண்ணீரைக் கொட்டினார். அடியில் ஒரு கைப்பிடி மணல் தங்கியிருந்தது. அதை விரலால் எடுத்துத் தேய்த்துப் பார்த்தார். "இதையாடா தம்பி இத்தன வருஷமா வண்டியில தேச்சேன்?" என்றார். நான் பானெட் ஓரத்தைக் காட்டி, "நான் தேச்சதுக்கு அது பரவால்லப்பா" என்றேன். சிரித்துவிட்டார்.

பழைய பனியனைத் தூக்கிப் போடவில்லை. இப்போது அது சக்கரத்துக்கு.