ழகரம் யாருக்குச் சொந்தம்?

'ழகரம் தமிழுக்கே உரிய தனிச்சொத்து' என்று மேடைதோறும் முழங்குகிறோம். கன்னட நண்பர் 'தமிளு' என்னும்போது நகைக்கவும் செய்கிறோம். இந்த முழக்கம் உண்மையா? இந்த நகைப்புத் தகுமா? மொழிநூல் என் துறை அன்று. நான் அறிவியல் மாணவன். எனினும் சான்றைக் கண்ட பின்பே முடிவு கொள்ளுதல் எல்லாத் துறைக்கும் பொது அன்றோ?

சான்று தேடி நெடுந்தொலைவு செல்ல வேண்டுவதில்லை. இந்நகரத்துத் தொம்மலூரில் சொக்கநாதசுவாமி கோயில் இருக்கிறது. அங்கே 13ஆம் நூற்றாண்டுத் தமிழ்க் கல்வெட்டுகள் உள்ளன. ஊரின் பெயர் அவற்றில் தொம்பலூர். தேசிமாணிக்கப்பட்டணம் என்றும் வழங்கியது. அன்று இப்பகுதி ஹொய்சளர் ஆட்சியில் இருந்தது. கல்தச்சன் இங்கே தமிழைச் செதுக்கிய அதே நூற்றாண்டில், 1260ஆம் ஆண்டை ஒட்டி, அதே ஹொய்சளர் நாட்டில் கேசிராசர் என்னும் புலவர் 'சப்தமணிதர்ப்பணம்' என்ற கன்னட இலக்கணத்தை இயற்றினார். அதில் ழகரம் வரும் கன்னடச் சொற்களைத் தொகுத்துத் தருகிறார். தொகுப்பானேன்? மக்கள் நாவில் ழகரம் ளகரத்தோடு கலந்துகொண்டிருந்தது. எச்சொல்லில் எது வரும் என்று கற்பிக்க வேண்டிய காலம் வந்துவிட்டது. ஆம், கன்னடத்துக்கும் ழகரம் இருந்தது. பழந்தெலுங்குக்கும் இருந்தது. மலையாளத்தில் இன்றும் இருக்கிறது. தனிச்சொத்து என்னும் வாதம் இங்கேயே வீழ்ந்தது.

இழந்த மொழிகளிலும் அது தடமின்றி மறையவில்லை. நம் 'கோழி' மலையாளத்தில் கோழியே, கன்னடத்தில் கோளி, தெலுங்கில் கோடி, துளுவில் கோரி. நம் 'ஏழு' கன்னடத்தில் ஏளு, தெலுங்கில் ஏடு. 'மழை' கன்னடத்தில் மளெ. 'பழைய' என்பதன் பகரம் ஹகரமாகவும் ழகரம் ளகரமாகவும் மாறி 'ஹளெய' ஆயிற்று. ஹளேபீடு என்பது வேறென்ன? பழைய வீடு! பழைய தலைநகர் என்பது பொருள். இது நாவின் பிழை அன்று, ஒழுங்குடைய மாற்றம்.

சீன எழுத்தின் நிலை இதற்கு நேர்மாறு. மலையைக் குறிக்கும் ஒரே எழுத்தைச் சீனர் 'ஷான்' என்பர். கொரியர் 'சான்' என்பர். ஜப்பானியர் 'சான்' என்றும் 'யாமா' என்றும் படிப்பர். ஒலி மாறினும் வடிவு ஒன்றாதலின் உறவு கண்ணுக்குத் தெரிகிறது. நம் திராவிடக் குடும்பத்திலோ ஒலியோடு எழுத்தும் மாறிற்று. எனவே நம் உறவைக் கண் காட்டாது. காதுதான் காட்ட வேண்டும். நகைப்பவன் காது அதைக் கேட்குமா?

இனி நம் வீட்டைப் பார்ப்போம். வாழைப்பழம் சென்னைத் தெருவில் 'வாயப்பயம்'. தெற்கே பல ஊர்களில் 'வாளப்பளம்'. கன்னடர் ஒலி போனபின் எழுத்தையும் விட்டனர். நாமோ எழுத்தை ஏட்டில் வைத்துக்கொண்டு ஒலியை விட்டுக்கொண்டிருக்கிறோம். பிறரை நகைக்க நமக்கு என்ன உரிமை?

'மாற்றம் இயல்பெனின் காப்பது எதற்கு?' என்று ஒருவர் கேட்கலாம். 'அளித்தான்' என்பதும் 'அழித்தான்' என்பதும் நாவில் ஒன்றானால், கொடுத்தவனும் கெடுத்தவனும் ஒருவனாகிவிடுவர். பயன் இருக்கிறது, அதனால் காக்கிறோம். காப்பது மேடையில் முழங்குவதால் அன்று. நாள்தோறும் திருத்தமாகப் பேசுவதால்தான். வழக்கொழிந்த எழுத்தின் கதி என்ன தெரியுமா? கணினிக்குரிய ஒருங்குறிப் பட்டியலில் கன்னட ழகரத்துக்கு 'ஃப' என்று தவறான பெயர் பதிந்துவிட்டது. பதிந்த பெயரை மாற்ற விதி இடந்தரவில்லை; தவறு நிலைத்துவிட்டது. நாவில் வாழாத எழுத்துக்குப் பெயரும் தங்காது!

நம் சங்கத்துக்கு ஒன்று சொல்வேன். அடுத்த ஞாயிறு கன்னடத் தோழர்களையும் உடன் அழைத்துத் தொம்மலூர் செல்வோம். கல்லில் உள்ளதை நாம் படித்துக் காட்டுவோம். கேசிராசர் தொகுத்த சொற்களை அவர்கள் நமக்குச் சொல்லட்டும். ழகரத்தை நாம் சரியாக ஒலிப்போம். ஏளு, கோளி, மளெ என்பவற்றை அவர்களிடம் கற்போம். ஒரே சொத்தின் இரு பங்காளிகள் நாம். பங்காளிகள் வழக்காடத்தான் வேண்டுமா?