மாற்றுக் கருத்துக்கு இதழில் இடம்: மருத்துவர் சங்கத்தின் நிலைப்பாடு

1960 டிசம்பர் 31 தேதியிட்ட ‘பிரிட்டிஷ் மெடிக்கல் ஜர்னல்’ இதழில் ஒரு சிறு கடிதம் வெளியானது. எழுதியவர் ஸ்காட்லாந்தின் டரிஃப் என்ற சிற்றூரில் பொது மருத்துவராக இருந்த லெஸ்லி ஃபுளோரன்ஸ். தாலிடோமைடு என்ற தூக்க மருந்தை நெடுநாள் சாப்பிட்ட தம் நோயாளிகள் நால்வருக்குக் கைகால் மரத்துப்போவதை அவர் கவனித்திருந்தார். மருந்துதான் காரணமா என்பது அவருடைய கேள்வி. முடிவாக எதையும் அவர் சொல்லவில்லை.

அதே மருந்தை அமெரிக்காவில் விற்க அனுமதி கோரும் விண்ணப்பம் அப்போது அந்நாட்டு உணவு, மருந்து நிர்வாகத்தில் பிரான்சிஸ் கெல்சியின் பரிசீலனையில் இருந்தது. 1961 பிப்ரவரியில் ஃபுளோரன்ஸின் கடிதம் கெல்சியின் கண்ணில் பட்டது. நரம்பைப் பாதிக்கும் மருந்து வயிற்றிலிருக்கும் குழந்தையை என்ன செய்யும் என்ற ஐயம் அவருக்கு எழுந்தது. கம்பெனி எவ்வளவோ நெருக்கியும், நிறைவான விளக்கம் வராமல் அவர் அனுமதி தரவில்லை. அந்த ஆண்டு முடிவதற்குள் ஜெர்மனியிலிருந்தும் ஆஸ்திரேலியாவிலிருந்தும் உண்மை வெளிவந்தது. தாலிடோமைடால் உறுப்புக் குறைகளோடு பிறந்த குழந்தைகள் உலகெங்கும் 10,000 பேருக்கு மேல் இருக்கலாம் என்று மதிப்பிடப்படுகிறது. மருந்து கடைக்கு வராததால் அமெரிக்கா அந்தப் பெருந்துயரிலிருந்து பெருமளவு தப்பியது.

ஃபுளோரன்ஸுக்கு இடம் கொடுத்த இதழ் பிரிட்டிஷ் மருத்துவர் சங்கத்துடையது. ஒரு சங்கத்தின் இதழில் கடிதப் பகுதி எதற்காக என்பதற்கு இதைவிடத் தெளிவான சான்று தேவையில்லை.

இதையொட்டி எங்கள் மருத்துவர் சங்கம் எடுத்துள்ள நிலைப்பாடு இது: உறுப்பினர் அனுப்பும் மாற்றுக் கருத்தை, அது சங்கத்தின் தலைமையையே கண்டிப்பதாக இருந்தாலும், இதழ் வெளியிட வேண்டும். சொன்ன கருத்துக்காக எந்தக் கடிதமும் நிறுத்தி வைக்கப்படாது. வெளியிட்ட கடிதத்துக்கு உரியவர்களின் பதிலைக் கேட்டு வாங்கி அருகிலேயே போடுவதும் இதழின் கடமை.

வீட்டுப் பிரச்சினையை வீதிக்குக் கொண்டுவரலாமா, பொதுமக்களுக்கு மருத்துவர்கள் மேல் இருக்கும் நம்பிக்கை குலையாதா என்று மூத்த உறுப்பினர்கள் சிலர் கேட்கிறார்கள். அவர்களுடைய கவலை உண்மையானது. ஆனால், விமர்சனத்தை அடக்க முயன்ற சங்கங்கள் நம்பிக்கையைக் காப்பாற்றிக்கொண்டதாக அனுபவம் காட்டவில்லை.

2008 ஏப்ரலில் ‘கார்டியன்’ நாளிதழில் அறிவியல் எழுத்தாளர் சைமன் சிங், முதுகெலும்பைக் கையால் சீர்செய்யும் கைரோபிராக்டிக் சிகிச்சை பற்றி எழுதினார். குழந்தைகளின் ஆஸ்துமாவுக்கும் காதுத் தொற்றுக்கும் அந்தச் சிகிச்சை உதவும் என்ற பிரச்சாரத்துக்குச் சான்று இல்லை என்றார். பிரிட்டிஷ் கைரோபிராக்டிக் சங்கம் அவர்மீது அவதூறு வழக்குத் தொடுத்தது. 2010 ஏப்ரல் 1 அன்று மேல்முறையீட்டு நீதிமன்றம் சிங்கின் பக்கம் நின்றது. இரண்டே வாரத்தில் சங்கம் வழக்கைக் கைவிட்டது. அதற்குள் அந்தச் சிகிச்சையின் சான்றுகளை நாடே துருவிப் பார்த்துவிட்டது. இங்கிலாந்தின் அவதூறுச் சட்டத்தை மாற்ற எழுந்த இயக்கத்துக்கு இந்த வழக்கு வலு சேர்த்தது. 2013இல் புதிய சட்டமே வந்தது.

அமெரிக்க உளவியல் சங்கத்தின் கதை இன்னும் கசப்பானது. பாதுகாப்புத் துறையின் கைதி விசாரணைகளில் உளவியலாளர்கள் பங்கேற்கலாம் என்று அச்சங்கத்தின் பணிக்குழு 2005இல் சொன்னது. குழுவில் இருந்த ஜீன் மரியா அரிகோ பின்னர் அதை வெளிப்படையாக எதிர்த்தார். உறுப்பினர்கள் பலரும் ஆண்டுக்கணக்கில் எதிர்த்தார்கள். தலைமை செவிசாய்க்கவில்லை. கடைசியில் சங்கமே நியமித்த சுயேச்சை விசாரணையின் அறிக்கை 2015 ஜூலையில் வெளிவந்தது. பாதுகாப்புத் துறைக்கு இசைவாக நெறிமுறைகளைத் தளர்வாக வைக்கச் சங்க நிர்வாகிகள் சிலர் அத்துறை அதிகாரிகளோடு கைகோத்தார்கள் என்று அது கண்டது. தொடக்கத்திலேயே எதிர்ப்பாளர்களின் குறைகளுக்குத் தலைமை நேராகப் பதில் சொல்லியிருந்தால் பத்தாண்டுத் தலைக்குனிவு நேர்ந்திராது.

கடிதங்களுக்குக் கதவைத் திறந்துவிட்டால் மட்டும் போதாது; வெளியானது தவறாகப் பயன்படுகிறதா என்பதையும் கவனிக்க வேண்டும். 1980 ஜனவரி 10 அன்று ‘நியூ இங்கிலாந்து ஜர்னல் ஆஃப் மெடிசின்’ ஐந்தே வாக்கியக் கடிதம் ஒன்றை வெளியிட்டது. மருத்துவமனையில் தங்கி அபின் வகை வலிநிவாரணி பெற்ற 11,882 பேரில் நால்வர் மட்டுமே அடிமையானதாக அது சொன்னது. வீட்டில் மாதக்கணக்கில் அம்மருந்தைச் சாப்பிடுபவர்களைப் பற்றி அதில் ஒன்றுமில்லை. ஆனாலும் அடிமையாகும் ஆபத்து அரிது என்பதற்குச் சான்றாக அது திரும்பத் திரும்பக் காட்டப்பட்டது. அந்தக் கடிதம் 608 முறை மேற்கோள் காட்டப்பட்டதையும், அவற்றில் பெரும்பாலானவை மருத்துவமனை நோயாளிகள் என்ற விவரத்தையே விட்டுவிட்டதையும் கனடா ஆய்வாளர்கள் 2017இல் கணக்கெடுத்து எழுதினார்கள். அதுவும் அதே இதழின் கடிதப் பகுதியில்தான் வந்தது. பழைய கடிதத்தின் தலைமேல் ஆசிரியர்கள் ஓர் எச்சரிக்கைக் குறிப்பைச் சேர்த்தார்கள். 37 ஆண்டுகள் தாமதம். இடையில் அமெரிக்காவில் அந்த மருந்துகளால் மடிந்தவர்கள் ஏராளம்.

ஆகவே, பின்வரும் நடைமுறையைச் சங்கம் ஏற்கிறது. கடிதங்கள் எழுதியவரின் பெயருடனும் பணிபுரியும் ஊருடனும் வரும். மேலதிகாரியைப் பற்றி எழுதும் பயிற்சி மருத்துவரைப் போல வேலைக்கு ஆபத்துள்ளவர்களின் பெயரை ஆசிரியர் மட்டும் அறிந்து காப்பார். மருந்துக் கம்பெனியிடமோ கருவிக் கம்பெனியிடமோ பணம், பயணச் செலவு பெற்றவர்கள் அதைக் கடிதத்தின் கீழேயே சொல்ல வேண்டும்.

நிறுத்தி வைப்பதற்குரிய காரணங்கள் மூன்றே: நோயாளியை அடையாளம் காட்டுவது, தனிமனிதரை இழிவுபடுத்துவது, ஆதாரமின்றி ஒருவர்மீது குற்றம் சுமத்துவது. அப்போதும் எந்த வரியை மாற்றினால் வெளியிடலாம் என்று எழுத்தில் தெரிவிக்கப்படும். எழுதியவர் உடன்படாவிட்டால், செயற்குழுவில் இல்லாத மூன்று உறுப்பினர்கள் முடிவு செய்வார்கள். சாதி, மதம், பாலினம் ஆகியவற்றை வைத்துச் சக மருத்துவரைத் தாக்கும் எழுத்தும் இழிவுபடுத்துவதே; அதற்கு எந்தப் பெயரிலும் இடமில்லை.

கண்டிக்கப்பட்டவருக்கு அடுத்த இதழ் வரை அவகாசம் உண்டு. அவர் பதில் தராவிட்டால் ‘பதில் கேட்கப்பட்டது, வரவில்லை’ என்று அச்சாகும். இதழில் வந்த கட்டுரை தவறு என்று நிரூபணமானால் திருத்தம் உள்பக்கத்து மூலையில் ஒளியாது. பொருளடக்கத்தில் தனித் தலைப்பாக வரும்.

செயற்குழுவின் முடிவுகளைக் குறித்த கடிதங்களுக்குத் தலைவரோ செயலாளரோ தம் பெயரில் பதில் எழுதுவார்கள். வந்த கடிதங்கள், வெளியானவை, நிறுத்தியவை, நிறுத்தியதற்கான காரணம் ஆகியவற்றின் கணக்கை ஆசிரியர் ஆண்டுப் பொதுக்குழுவில் வாசிப்பார். அதன்மேல் கேள்வி கேட்க எந்த உறுப்பினருக்கும் உரிமை உண்டு.