ரிப்பேர் என்பது கெட்ட வார்த்தையா?

'இதைப் போய் ரிப்பேர் பண்றதுக்கு, புதுசு ஒண்ணு வாங்கிடலாம் சார்!'

இந்த வசனத்தைக் கேட்காமல் ஒரு மாதத்தை உங்களால் தாண்ட முடிகிறதா? மிக்ஸி கடையில் சொல்கிறார்கள். செல்போன் கடையில் சொல்கிறார்கள். போன மாதம் ஒரு பெரிய பேனா கடையில் எனக்கும் சொன்னார்கள். நான் நீட்டியது, என் அப்பாவின் இங்க் பேனா!

அப்பா கெங்கவல்லியில் பத்திரம் எழுதியவர். 'வண்டிப் பாதைக்குத் தெற்கு, வாய்க்காலுக்கு வடக்கு' என்று அவர் எழுத எழுத, ஊரில் எத்தனையோ காடு கழனிகள் அந்த நிப்பு வழியாகத்தான் கை மாறின. கறுப்பு எபோனைட் பேனா. அவர் போன பிறகு, இங்க் காய்ந்துபோய் பெட்டியில் கிடந்தது. கடைக்காரர் அதை மூடியைக்கூடத் திறந்து பார்க்கவில்லை. எனக்குச் சுர்ரென்று ஏறிவிட்டது.

வீட்டிலேயே உட்கார்ந்தேன். ஒரு ஞாயிற்றுக்கிழமை. கழுத்து மரை இறுகிக் கிடந்தது. சைக்கிள் ட்யூப் துண்டைச் சுற்றிப் பிடித்துத் திருகினேன், கழன்றது. நிப்பையும் அதன் அடியில் இருக்கும் கட்டையையும் சேர்த்துப் பிடித்து நேராக இழுத்தால், கையோடு வந்தது. ஸ்க்ரூ இல்லை, டிரைவர் இல்லை. பச்சைத் தண்ணீரில் ராத்திரி முழுக்க ஊறினால், பல வருஷத்து இங்க் நூல் நூலாகக் கரைந்து இறங்குகிறது.

ஒரு தப்பும் பண்ணினேன். அவசரக் குடுக்கையாக, பேனாவின் உடம்பைக் கொதிக்கிற தண்ணீரில் போட்டுவிட்டேன். எபோனைட் என்பது ரப்பரில் கந்தகம் சேர்த்து இறுக வைத்தது. வெந்நீர் பட்டால் நிறம் மாறும். அப்பாவின் கறுப்புப் பேனா இன்று ஒரு பக்கம் சாணிப் பச்சை. நீங்கள் அதைச் செய்யாதீர்கள். ஸ்பிரிட் தொட்டுத் துடைக்காதீர்கள். செல்லுலாய்ட் பேனாவை நெருப்புப் பக்கமே கொண்டுபோகாதீர்கள், பற்றிக்கொள்ளும்.

பாதி இங்க்கில் பேனா கக்குகிறதா? கைச்சூட்டில் உள்ளே இருக்கும் காற்று விரிந்து இங்க்கைத் தள்ளுகிறது, அவ்வளவுதான். எப்போதும் நிறைய ஊற்றி வையுங்கள். மரையில் கசிந்தால் கொஞ்சம் சிலிக்கான் கிரீஸ். உள்ளே ரப்பர் பை உள்ள பேனாவில் அது காய்ந்து நொறுங்கியிருந்தால் புதுப் பை. ஒட்டுவதற்கு அரக்குக் கரைசல். தயவுசெய்து உடனே ஒட்டும் பசை வேண்டாம். அரக்கை மறுபடி இளக்கிக் கழற்றலாம், அந்தப் பசையை முடியாது!

என் சண்டையே இங்கேதான் ஆரம்பிக்கிறது. அந்தக் காலத்துப் பேனாவைச் செய்தவன், 'என்றைக்காவது இதை ஒருத்தன் கழற்றுவான்' என்று நினைத்துச் செய்தான். இன்றைக்கு நம் பையில் இருக்கும் செல்போனைச் செய்பவன், 'எவனும் கழற்றிவிடக் கூடாது' என்று நினைத்து ஒட்டுகிறான். முதலாமவன் நம்மை மனிதனாக மதித்தான். இரண்டாமவனுக்கு நாம் வெறும் பர்ஸ்!

'பத்து ரூபாய் பால்பாயின்ட் பேனா இருக்கும்போது மூணு மணி நேரம் வீணடிச்சியே' என்றார் நண்பர். நான் பி.காம். எனக்குக் கணக்கு தெரியாதா? மூன்று மணி நேரச் சம்பளத்தைக் கழித்தால் நஷ்டம்தான், ஒப்புக்கொள்கிறேன். ஆனால், அதே பி.காமில் தேய்மானம் என்று ஒன்று சொல்லிக்கொடுத்தார்கள். வருஷா வருஷம் மதிப்பைக் குறைத்துக்கொண்டே வந்து, ஒரு நாள் பூஜ்யம் ஆக்கிவிடுவோம். புத்தகத்தில் பூஜ்யமான பொருள் மேஜையில் ஜோராக எழுதுகிறதே, அதை எந்தக் காலத்தில் எழுதுவீர்கள்? வாங்கி, தீர்த்து, வீசுகிற பிளாஸ்டிக் குப்பையை யார் கணக்கில் பற்று வைப்பீர்கள்?

1930-களில் ராஜமுந்திரியில் ரத்னம் என்பவர் சுதேசிப் பேனா செய்து காந்திக்குக் கொடுத்தார். அந்நியப் பேனாவை விட்ட காந்தி அதில் எழுதினார். நம்மூர் மட்டும் இளைப்பா? சாத்தூர் என்றால் இன்று சேவும் வெள்ளரியும்தான் ஞாபகம் வரும். ஒரு காலத்தில் வீட்டுக்கு வீடு பேனா நிப்பு அடித்த ஊர் அது. வீசி எறிகிற பேனா வந்தது, பட்டறைகள் படுத்தன. பேனா மட்டுமா போனது? தட்டி, நெளித்து, தீட்டிச் சரிபண்ணும் கைகளும் சேர்ந்து போயின.

2022 டிசம்பரில் மத்திய அரசு 'ரிப்பேர் உரிமை'க்காக ஒரு இணையதளம் திறந்தது. செல்போன், வண்டி, விவசாயக் கருவி, வீட்டுச் சாமான் எல்லாம் அதில் உண்டு. 2024-ல் ஐரோப்பிய யூனியன் சட்டமே போட்டுவிட்டது. நல்லது. ஆனால், உரிமையை அரசு தரலாம். திருகுவதற்குக் கை?

கெங்கவல்லியில் மரவள்ளிக் காட்டு மோட்டார் எரிந்தால் இன்றைக்கும் காயில் கட்டித்தான் ஓட்டுகிறார்கள். 'புதுசு வாங்கு' என்று சொன்னால் சிரிப்பார்கள். அந்த ஊர்ப் புத்தியை நாம்தான் நகரத்து பஸ் ஏறும்போது இறக்கி வைத்துவிட்டு வந்தோம்.

பேனா இப்போது எழுதுகிறது. இந்தக் கட்டுரையே அதில்தான் எழுதினேன். பக்கத்தில் நின்ற மகள் கேட்டாள்: 'நானும் ஒரு தடவை கழட்டிப் பாக்கட்டாப்பா?'

அவள் படிக்கும் பள்ளியில் இங்க் பேனாவுக்குத் தடை. கறை படுமாம்! விரலில் படும் கறை சோப்பு போட்டால் போய்விடும் சார். எதையும் திறந்து பார்க்கவே பயப்படுகிற குழந்தையை எந்த சோப்பு போட்டுக் கழுவுவீர்கள்?

பரணில் கிடக்கும் தாத்தா பேனாவை இந்த ஞாயிற்றுக்கிழமை கீழே இறக்குங்கள். பிள்ளையைப் பக்கத்தில் உட்கார வையுங்கள். பச்சைத் தண்ணீர் மட்டும், ஞாபகம் இருக்கட்டும்!