விளையாட்டுக் கதையில் வாதம்: தடுப்பதா, வளர்ப்பதா?



சென்ற ஆண்டு, ஆறாம் ஆண்டு மாணவன் ஒருவனிடமிருந்து ஒரு குறிப்பேட்டைப் பறிமுதல் செய்தேன். தமிழ்மொழிப் பாட வேளையில் கட்டுரைப் பயிற்சியைச் செய்யாமல், மேசைக்கு அடியில் வைத்து எதையோ எழுதிக்கொண்டிருந்தான். வாங்கிப் பார்த்தேன். பக்கம் பக்கமாகக் கோடுகள், அம்புக்குறிகள், விளங்காத பெயர்கள். 'ஸெல்டா' என்னும் வீடியோ விளையாட்டின் கதைகளுள் எது முன்னே நடந்தது, எது பின்னே நடந்தது என்று அவன் வரைந்திருந்த காலவரிசை அது. "இந்த உழைப்பைக் கட்டுரையில் காட்டினால் என்ன?" என்று வகுப்பின் முன்னிலையில் கடிந்துகொண்டேன். குறிப்பேடு என் இழுப்பறைக்குள் போயிற்று.

அன்று மாலை கேமரன் மலையில் கடும் மழை. மழை விடும்வரை ஆசிரியர் அறையில் காத்திருந்தேன். பொழுது போகாமல் அந்தக் குறிப்பேட்டைப் புரட்டினேன். அரைப்பக்கக் கட்டுரைக்கே திணறுபவன் என்று நான் மதிப்பிட்டு வைத்திருந்த அந்த மாணவன், பதினான்கு பக்கம் எழுதியிருந்தான். அதுவும் தமிழில்!

அவன் எதைப் பற்றி வாதிட்டிருந்தான் என்பதை விளங்கிக்கொள்ள எனக்குச் சில நாள்கள் பிடித்தன. அறியாத பெற்றோர்களுக்காகச் சுருக்கமாகச் சொல்கிறேன்.

ஜப்பானின் நிண்டெண்டோ நிறுவனம் 1986-ஆம் ஆண்டு வெளியிட்ட விளையாட்டு 'தி லெஜெண்ட் ஆஃப் ஸெல்டா'. சிகேரு மியாமோட்டோ, தகாஷி தெசுகா ஆகியோர் உருவாக்கியது. ஹைரூல் என்றொரு கற்பனை நாடு. லிங்க் என்னும் வீரன். ஸெல்டா என்னும் இளவரசி. பெரும்பாலான கதைகளில் கேனன் என்னும் கொடியவன். அதன் பிறகு ஏராளமான விளையாட்டுகள் இதே வரிசையில் வந்துவிட்டன. ஆனால், எல்லாக் கதைகளிலும் வருபவன் ஒரே லிங்க் அல்லன். பெயர் ஒன்று, ஆள் வேறு. பல கதைகளுக்கு இடையே நூற்றாண்டுகள் கடந்துவிடுகின்றன. மேலும், விளையாட்டுகள் வெளிவந்த வரிசையும் கதை நிகழ்ந்த வரிசையும் ஒன்றல்ல. 1998-இல் வந்த 'ஒக்கரினா ஆஃப் டைம்' முந்தைய விளையாட்டுகளுக்கும் முற்பட்ட கதையைச் சொன்னது. 2011-இல் வந்த 'ஸ்கைவர்ட் சோர்ட்' அதற்கும் முற்பட்ட காலத்திற்குப் போனது.

அப்படியானால் சரியான வரிசை எது? இதுதான் உலகெங்கும் உள்ள ஆர்வலர்கள் பல்லாண்டுகளாக நடத்திவரும் வாதம். 1998-இல் மியாமோட்டோவே ஒரு நேர்காணலில் ஒரு வரிசையைச் சொன்னார். அது விளையாட்டுகளுக்குள் இருக்கும் செய்திகளோடு பொருந்தவில்லை என்று ஆர்வலர்கள் மறுத்தனர். படைத்தவர் சொல் பெரிதா, படைப்பில் உள்ள சான்று பெரிதா? இலக்கிய வகுப்பில் நாம் கேட்க வேண்டிய கேள்வி அல்லவா இது!

2011 டிசம்பரில் ஜப்பானில் வெளிவந்த 'ஹைரூல் ஹிஸ்டோரியா' என்னும் நூலில் நிறுவனமே காலவரிசையை வெளியிட்டது. 'ஒக்கரினா' கதையின் முடிவிலிருந்து காலம் மூன்று கிளைகளாகப் பிரிகிறது என்றது அந்நூல். வீரன் வென்று, பின்னர் சிறுவனாகத் தன் காலத்திற்குத் திரும்பிய கிளை ஒன்று. அவன் நீங்கிச் சென்ற உலகின் கிளை மற்றொன்று. வீரன் தோற்றுப்போன கிளை மூன்றாவது. முதல் இரண்டு கிளைகளையும் ஆர்வலர்கள் முன்னரே கணித்திருந்தார்கள். மூன்றாவதுதான் பலரைத் திகைக்க வைத்தது. வீரன் தோற்பதாக அந்த விளையாட்டின் கதை முடியவில்லையே!

அதன் பிறகும் வாதம் ஓயவில்லை. ஆங்கிலத்தில் 2018-இல் வந்த கலைக்களஞ்சியம், முந்தைய நூல் சொன்ன வரிசையில் சில கதைகளை முன்பின்னாக மாற்றிவிட்டது. 2023-இல் வந்த 'டியர்ஸ் ஆஃப் தி கிங்டம்' விளையாட்டு, ஹைரூலை நிறுவிய மன்னனைக் காட்டுகிறது. ஆனால், அந்தக் காட்சிகள் பழைய விளையாட்டுகளோடு எளிதில் ஒட்டவில்லை. அது நாட்டின் முதல் தோற்றமா, அழிந்தபின் எழுந்த மறு தோற்றமா? இன்றுவரை இரு கட்சியாகப் பிரிந்து வாதிடுகிறார்கள்.

இனி, என் மாணவனின் குறிப்பேட்டுக்கு வருகிறேன். ஒவ்வொரு பக்கத்தையும் அவன் மூன்று பத்தியாகக் கோடு போட்டுப் பிரித்திருந்தான். முதற்பத்தி 'விளையாட்டில் பார்த்தது'. இரண்டாவது 'புத்தகத்தில் சொன்னது'. மூன்றாவது 'நான் நினைப்பது'. மூன்றாம் பத்தியில் 'ஏனென்றால்', 'ஆனால்', 'அப்படியானால்' என்னும் சொற்கள் வரிக்கு வரி வந்தன. ஓரிடத்தில் தானே எழுதியதை அடித்துவிட்டு, 'இது தப்பு, வெள்ளம் வந்தது முன்னாடி' என்று திருத்தியிருந்தான்.

உண்மையையும் கருத்தையும் பிரித்தறியக் கற்பிக்க வேண்டும் என்று ஆசிரியர் பயிற்சிக் கல்லூரியில் எங்களுக்குச் சொல்லித் தந்தார்கள். உயர்நிலைச் சிந்தனை என்று இன்றைய கலைத்திட்டமும் வலியுறுத்துகிறது. நான் எத்தனையோ பயிற்றித்தாள் தயாரித்தும் வரவழைக்க முடியாத ஒன்றை, ஒரு பன்னிரண்டு வயதுப் பிள்ளை தானாகவே செய்துகொண்டிருந்தான். நான் அதைப் பிடுங்கி இழுப்பறையில் பூட்டியிருந்தேன்.

பெரியவர்களாகிய நாம் மட்டும் என்ன செய்கிறோம்? கல்கியின் 'பொன்னியின் செல்வன்' 1950-ஆம் ஆண்டு தொடராக வரத் தொடங்கியது. ஆதித்த கரிகாலனைக் கொன்றது யார் என்பதை அவர் ஐயத்திற்கு இடமின்றிச் சொல்லி முடிக்கவில்லை. எழுபது ஆண்டுகள் கடந்தும் நாம் வாதிடுகிறோம். 2022-இலும் 2023-இலும் மணிரத்னத்தின் திரைப்படங்கள் வந்தபோது, நம் ஆசிரியர் அறையிலும் அதே பேச்சுத்தான். நாவலில் உள்ளது இது, படத்தில் மாற்றியது இது, கல்வெட்டு சொல்வது இது என்று தேநீர் ஆறிப்போகும்வரை பேசினோம்.

வரலாற்றாசிரியர்களும் இதில் ஒன்றுபடவில்லை. இராசராசன் காலத்து உடையார்குடிக் கல்வெட்டு, கொலையில் தொடர்புடைய இரவிதாசன் முதலியோரின் பெயர்களைக் குறிப்பிடுகிறது. நீலகண்ட சாத்திரியார் உத்தம சோழன் மீது ஐயம் கொண்டார். குடவாயில் பாலசுப்ரமணியன் போன்ற ஆய்வாளர்கள் அதை மறுத்தனர். கல்வெட்டு ஒன்றே, அதைப் படித்தவர்கள் கண்ட முடிவு வேறு வேறு.

நாம் வாதிட்டால் அது இலக்கிய ஆர்வம். பிள்ளைகள் வாதிட்டால் அது வீண்பொழுதா?

சோழ வரலாறும் கற்பனை ஹைரூலும் ஒன்று என்று நான் சொல்லவில்லை. கரிகாலன் வாழ்ந்து மடிந்த மனிதன். லிங்க் எவரோ வரைந்த ஓவியம். ஆயினும், சான்றைத் தேடுவது, சான்றுகள் முரண்படும்போது எடைபோடுவது, விடை கிடைக்காத இடத்தில் பொறுமை காப்பது ஆகிய பயிற்சிகள் இரண்டிற்கும் பொதுவானவை. ஒன்றில் பழகிய மூளை மற்றொன்றிற்கும் பயன்படும். ஆனால், அது தானாகவே நடந்துவிடாது. அந்தப் பாலத்தைக் கட்டுவதுதான் நம் வேலை.

பெற்றோர்களின் கவலையையும் நான் அறிவேன். விளையாட்டு நேரத்தை விழுங்குகிறது, உறக்கம் கெடுகிறது, கண் கெடுகிறது. உண்மைதான். நேரத்திற்கு எல்லை வைத்தே ஆக வேண்டும். அதில் எனக்கு மாற்றுக் கருத்து இல்லை. வாதம் வசையாக மாறுவதும் உண்டு. தன் வரிசையை ஏற்காதவனை முட்டாள் என்று ஏசும் பழக்கத்தைப் பிள்ளைகள் எளிதில் பிடித்துக்கொள்கிறார்கள். அங்கேதான் பெரியவர் ஒருவர் தேவை. 'அவன் சொன்னதில் எந்தச் சான்று தவறு என்று காட்டு. அவனைப் பற்றிப் பேசாதே' என்று சொல்லிக் கொடுக்க வேண்டும். பிடுங்கி வைத்துவிட்டால் இதைச் சொல்லிக் கொடுக்கும் வாய்ப்பும் போய்விடுகிறது.

மறுநாள் குறிப்பேட்டை அவனிடம் திருப்பிக் கொடுத்தேன். வகுப்பின் முன்னிலையில் கடிந்ததால், வகுப்பின் முன்னிலையிலேயே வருத்தமும் தெரிவித்தேன். பிறகு, அந்த மூன்று பத்தி முறையைக் கரும்பலகையில் வரையச் சொன்னேன். தயங்கித் தயங்கி வந்து வரைந்தான்.

அந்த மூன்று பத்தியில் நாங்கள் செய்த வேலை இதுதான்: எங்கள் தோட்டத்தின் காலவரிசை. வில்லியம் கேமரன் இம்மலைப் பகுதியை அளக்க வந்தது 1885, ஜே. ஏ. ரஸ்ஸல் போ தேயிலைத் தோட்டத்தைத் தொடங்கியது 1929. நூல்களில் உள்ள இவ்விரு ஆண்டுகளையும் முளைக்குச்சிகளாக நட்டோம். மற்றவற்றை வீட்டில் உள்ள பாட்டிமாரிடமும் தாத்தாமாரிடமும் கேட்டு வரச் சொன்னேன்.

வந்தது சண்டை! 'பள்ளி வந்த பிறகுதான் கோயில்' என்றார் ஒரு பாட்டி. 'கோயில் கொட்டகையில்தான் முதலில் பாடமே நடந்தது' என்றார் இன்னொரு பாட்டி. பிள்ளைகள் இரு கட்சியாகப் பிரிந்தார்கள். நான் வாய் திறக்கவில்லை. மூன்றாம் நாள் ஒரு மாணவி, ஒரு வீட்டில் சட்டமிட்டு மாட்டியிருந்த குடமுழுக்கு அழைப்பிதழைப் பற்றிய செய்தியோடு வந்தாள். கல்லால் கட்டிய கோயில் பின்னால் எழுந்தது. அதற்கு முன் தகரக் கொட்டகை இருந்தது. இரண்டு பாட்டியரும் பொய் சொல்லவில்லை. ஒருவர் சொன்னது முதல் கோயில். மற்றவர் சொன்னது மறுபடி கட்டியது. "ஹைரூல் மாதிரியேதான், ஐயா!" என்று பின்வரிசையிலிருந்து குரல் வந்தது. யாருடைய குரல் என்று சொல்லவும் வேண்டுமா?

அவனுடைய கட்டுரைகள் ஒரே இரவில் சிறந்துவிடவில்லை. எழுத்துப்பிழைகள் இன்னும் இருந்தன. ஆனால், அரைப்பக்கத்தில் நின்றுவிடும் பழக்கம் போயிற்று.

எனவே, ஆசிரிய நண்பர்களே, யு.பி.எஸ்.ஆர். தேர்வு 2021-இல் அகற்றப்பட்டுவிட்டது. தேர்வுக்கு நேரமில்லை என்னும் பழைய காரணம் இன்று நம்மிடம் இல்லை. பிள்ளைகள் எதைப் பற்றி வாதிடுகிறார்கள் என்று ஒரு பாட வேளை காது கொடுத்துக் கேளுங்கள். பெற்றோர்களே, 'எவ்வளவு நேரம் விளையாடினாய்?' என்று கேட்பதோடு நிறுத்தாமல், 'அப்படி என்று உனக்கு எப்படித் தெரியும்?' என்றும் கேளுங்கள். தமிழில் கேளுங்கள், தமிழிலேயே விடை வரும்.

அந்தப் பாட்டியருள் ஒருவர் இப்போது நம்மிடையே இல்லை. அவர் சொன்ன கொட்டகைக் கோயில் எங்கள் மாணவர்களின் காலவரிசையில் இருக்கிறது. ஒவ்வொரு தோட்டத்திலும் இப்படிக் கேட்கப்படாமல் எத்தனை பேர் இருக்கிறார்களோ! கேட்கத் தெரிந்த பிள்ளைகள் நம் வகுப்பிலேயே அமர்ந்திருக்கிறார்கள்.

சிந்திப்போம், செயற்படுவோம்.