கோடரி பிடித்தவர் கடத்தல்காரரா?

2015 ஏப்ரல் 7 அன்று, திருப்பதியை அடுத்த சேஷாசலம் காட்டில் தமிழ்நாட்டைச் சேர்ந்த 20 மரம் வெட்டும் தொழிலாளர்களை ஆந்திரக் காவல்துறை சுட்டுக் கொன்றது. தற்காப்புக்காகச் சுட்டோம் என்றது. கூட வந்தவர்களைப் பேருந்திலிருந்து இறக்கிக் கொண்டுபோனார்கள் என்று தப்பி வந்தவர்கள் தேசிய மனித உரிமை ஆணையத்திடம் சொன்னார்கள். செய்திகளிலோ இறந்தவர்கள் 'செம்மரக் கடத்தல்காரர்கள்' ஆனார்கள்.

அந்த ஒரு சொல்லில் 20 பேரின் வாழ்க்கையும் காணாமல் போனது. அவர்களில் ஜவ்வாது மலைப் பழங்குடியினரும் இருந்தார்கள். அங்கே மழையை நம்பிச் சாமை விதைக்கிறார்கள்; அறுப்பு முடிந்தால் வேலை தேடி மலையிறங்க வேண்டும். காட்டுப் பாதை அவர்களுக்குத் தெரியும். மரத்தில் வைரம் எது, வெள்ளை எது என்று தெரியும். அந்தத் திறமையைத்தான் ஏஜென்ட் முன்பணம் கொடுத்து வாங்குகிறான். செம்மரம் கப்பலேறிச் சீனா வரை போகிறது, லாபம் முதலாளிக்குப் போகிறது, குண்டு மட்டும் கூலிக்காரர் மேல் பாய்கிறது.

மரம் வெட்டியது குற்றமென்றால் வழக்குப் போடட்டும், நீதிமன்றம் விசாரிக்கட்டும். மரம் வெட்டியதற்கு எந்தச் சட்டத்திலும் மரண தண்டனை கிடையாது.

தோழர்களே, இனி 'மரம் வெட்டும் தொழிலாளி' என்றே எழுதுங்கள். அந்த ஊர்களுக்குப் போங்கள். அவர் எப்படி உழைத்தார், பிள்ளைகளை என்னவாக்க நினைத்தார் என்று வீட்டாரிடம் கேட்டுப் பதிவு செய்யுங்கள். காவல்துறையின் குறிப்பு மட்டுமே அவர்களுடைய வரலாறாகிவிடக் கூடாது.